முடிக்கப்படாத வீடு என்னும் உரிமை

பாடநூல் ஒளிப்படங்களை மனத்தில் ஏந்தி இந்தூரின் அரண்யா குடியிருப்புக்குச் செல்லும் கட்டடக்கலை மாணவருக்கு அங்கே முதலில் கிடைப்பது ஏமாற்றமே. பாலகிருஷ்ண தோஷி முன்மாதிரியாகக் கட்டிக்காட்டிய 80 வீடுகளில் பல இன்று அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டன. மாடிகள் எழும்பியிருக்கின்றன, முன்னறைகள் கடைகளாகியிருக்கின்றன, சில வீடுகள் இடிக்கப்பட்டு வேறு உருவில் எழுந்திருக்கின்றன. இதைச் சிதைவு என்று எழுதுவோர் உண்டு. வரைபடத்தை மட்டும் படித்தவர்களின் பிழை அது. அரண்யா மாறுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது.

இந்தூர் வளர்ச்சி ஆணையத்துக்காக 1980களில் தோஷியின் வாஸ்து ஷில்பா அறக்கட்டளை திட்டமிட்ட இக்குடியிருப்பின் பரப்பு ஏறத்தாழ 85 ஹெக்டேர். மனைகள் சுமார் 6,500. மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். ஏழைக் குடும்பத்துக்கு அங்கே வழங்கப்பட்டது முழு வீடு அன்று: அடித்தளம், கழிப்பறை, தண்ணீர்க் குழாய், மிஞ்சினால் ஓர் அறை. எஞ்சியதைக் குடும்பமே கட்டிக்கொள்ளும். கையில் பணம் சேரும்போது ஒரு சுவர், மகனுக்கு மணமாகும்போது ஒரு மாடி. அரசு எதைச் செய்ய வேண்டும், குடும்பம் எதைச் செய்யும் என்ற பகுப்பு இதில் மிகத் தெளிவானது. கழிவுநீர்க் குழாயையும் தெருவையும் மின்கம்பத்தையும் ஒரு குடும்பம் தனித்து அமைத்துக்கொள்ள இயலாது. சுவரை எழுப்பிக்கொள்ள இயலும். வசதியுள்ளோருக்கு விற்ற பெரிய மனைகளின் வருவாய், ஏழைகளின் மனை விலையைத் தாங்கியது. 1995ஆம் ஆண்டு ஆகா கான் கட்டடக்கலை விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

அரண்யாவின் வேர் வரைபடப் பலகையில் இல்லை, இந்தூரின் சேரிகளில் இருக்கிறது. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகக் குழுவும் வாஸ்து ஷில்பாவும் சேர்ந்து அந்நகரின் சேரிகளை அளந்து வரைந்தன. சந்தின் அகலம், மரத்தின் நிழல், கடை முளைக்கும் மூலை என எல்லாம் பதிவாயின. வீட்டு முகப்பின் உயர்ந்த மேடையை அப்பகுதி மக்கள் ஓட்லா என்பர். தமிழர் திண்ணை என்பர். அங்கேதான் துணி தைப்பதும், காய்கறி விற்பதும், முதியோர் பகலைக் கழிப்பதும். வீடு என்பது தூங்கும் இடம் மட்டுமன்று, பிழைப்பின் கருவியும்கூட என்ற உண்மை அந்த அளவீடுகளிலிருந்தே வந்தது. அரண்யாவின் வீட்டு முகப்பில் ஓட்லாவுக்கும் படிக்கட்டுக்கும் இடம் விடப்பட்டதன் காரணம் அழகுணர்ச்சி அன்று.

ஏறத்தாழ அதே காலத்தில் நவி மும்பையின் பேலாப்பூரில் சார்லஸ் கொரியா வகுத்த குடியிருப்பும் இதே சிந்தனையைப் பகிர்ந்தது. ஒரு சிறு முற்றத்தைச் சுற்றி ஏழு வீடுகள். எந்த வீடும் அண்டை வீட்டின் சுவரைப் பகிர்ந்துகொள்ளாது. மாடி எழுப்ப விரும்புபவர் பக்கத்து வீட்டாரின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதே அதன் பொருள்.

இப்போது மீண்டும் இந்தூர். 2021 ஜனவரி 1 அன்று ஆறு நகரங்களில் அடிக்கல் நாட்டப்பட்ட கலங்கரை விளக்கத் திட்டங்களில் இந்தூரும் ஒன்று. சென்னைப் பெரும்பாக்கம் மற்றொன்று. இந்தூரில் 1,024 வீடுகள், தூண்தளத்தின் மேல் எட்டு மாடிகள், தொழிற்சாலையில் வார்த்த பலகைச் சுவர்கள். விரைவும் குறைவான கட்டுமானக் கழிவும் இம்முறையின் நற்பண்புகள். அவற்றை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் அரண்யா பிறந்த அதே நகரத்தில், ஒரு சன்னலைக்கூட இடம் மாற்ற இயலாத வீடு எதிர்காலத்தின் முன்மாதிரியாக முன்வைக்கப்படுவதைக் கட்டடக்கலைத் துறைகள் ஏன் விவாதிக்கவில்லை? எட்டாம் மாடியில் தையற்கடைக்கு வாடிக்கையாளர் ஏறி வரமாட்டார். மின்தூக்கியின் பராமரிப்புச் செலவோ கடை இல்லாதவரிடமும் மாதந்தோறும் வசூலிக்கப்படும்.

நிலம் விலையேறிய நகரங்களில் தாழ்ந்த கட்டடங்கள் கட்டுப்படியாகா என்ற மறுப்பு எழும். வலுவான மறுப்புதான். ஆனால் அரண்யா 40,000 பேருக்கு மேல் வாழத் திட்டமிடப்பட்டது. ஹெக்டேருக்கு ஏறக்குறைய 470 பேர். இது சிற்றூரின் அடர்த்தி அன்று. மனை பெற்ற ஏழைகளில் சிலர் விற்றுவிட்டு வெளியேறினர் என்பது இன்னும் கடுமையான குறை. அதற்கு வடிவமைப்பில் விடை கிடையாது. கடன், வேலை, உரிமைப்பத்திரம் ஆகியவற்றின் கேள்வி அது. அடுக்குமாடி வீட்டையும் குடும்பங்கள் விற்றுவிட்டு வெளியேறக்கூடும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

சென்னையிலும் மும்பையிலும் உலக வங்கிக் கடனில் உருவான மனை-வசதித் திட்டங்கள் நெடுங்காலம் தோல்விகளாகவே கருதப்பட்டன. இருபது ஆண்டுகளுக்குப் பின் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, 2018இல் ‘வேர்ல்டு டெவலப்மென்ட்’ இதழில் வெளியான கட்டுரை அத்தீர்ப்பை மாற்ற வேண்டும் என்றது. ஐந்தாம் ஆண்டில் பாதி காலியாகத் தெரிந்த மனைப்பிரிவு, இருபதாம் ஆண்டில் நகரமாகியிருந்தது.

பிரதமர் வீட்டுவசதித் திட்டத்திலும் பயனாளியே கட்டிக்கொள்ளும் பிரிவு ஒன்று உண்டு. ஒப்புதல் பெற்ற வீடுகளில் பெரும்பகுதி அதன் கீழ்தான் வருகிறது. மக்கள் கட்டத் தயார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் சொந்த நிலம் வேண்டும். நிலமில்லாதவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் மாடி வீடு. குழாயும் தெருவும் இட்ட சிறு மனையை வழங்கும் பொறுப்பிலிருந்து அரசு விலகிக்கொண்டதே இங்குள்ள சிக்கல். பலகைச் சுவர் அதன் வெளித்தோற்றம்.

இதில் கல்விக்கூடங்களுக்கும் பங்குண்டு. இறுதித் தேர்வில் மாணவர் காட்டும் மாதிரி, சாவி ஒப்படைக்கப்படும் நாளின் கட்டடம். இருபதாம் ஆண்டின் வெட்டுத்தோற்றம் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. இரண்டாம் மாடியை அந்த அடித்தளம் தாங்குமா, படிக்கட்டு எங்கே நகரும், பக்கத்து வீடு உயரும்போது எந்தச் சன்னல் அடைபடும் என்ற கேள்விகளுக்கு ஒரே ஒரு கூடுதல் தாள் போதும். அத்தாளுக்கு மதிப்பெண் உண்டா என்பதைத் துறைகள் வரும் பருவத்திலேயே முடிவுசெய்யலாம். அதற்கு எந்த அமைச்சகத்தின் ஒப்புதலும் தேவையில்லை.