மண்ணுக்குத் தவணை உண்டு, கூலிக்கு இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை, என்னோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்த பழைய நண்பர் தன் பேரனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம். அதை விட்டுவிட்டுத் திண்டிவனம் பக்கம் ஐந்து ஏக்கர் வாங்கி விவசாயம் பண்ணப் போகிறானாம். சும்மா விவசாயம் இல்லை, "ரீஜெனரேட்டிவ் ஃபார்மிங்". "நீங்கதான் அந்த மாதிரி பண்ணையில மேனேஜரா இருந்தீங்களே, கொஞ்சம் சொல்லுங்க சார்" என்றார் நண்பர். அவர் கண்ணில் தெரிந்தது வேறு. நான் பையனைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

பையன் மடிக்கணினியைத் திறந்து பட்ஜெட்டைக் காட்டினான். நிலம், வேலி, போர், சோலார் மோட்டார், சொட்டுநீர்க் குழாய், இரண்டு நாட்டு மாடு, பண்ணைக்குட்டை எல்லாம் வரிசையாக இருந்தன. நான் மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தேன்.

"தம்பி, கூலி எங்கே?"

"மூடாக்கு போட்டா களையே வராது தாத்தா. லேபர் ரொம்பக் கம்மியா இருக்கும்."

ஒரு காலத்தில் நானும் இதையேதான் நம்பினேன். அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்று இங்கே எழுதி வைக்கிறேன். நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

நான் 2009-ல் ஓய்வு பெற்றேன். 38 வருடம் கோப்பு, பதிவேடு, ரசீது. அடுத்த வருடம் தெரிந்தவர் ஒருவர் மூலமாக அந்த வேலை வந்தது. வானூர் பக்கம் ஏழு ஏக்கர் செம்மண் மேடு. உரிமையாளர் வெளிநாட்டில். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான். "உங்களுக்கு விவசாயம் தெரியணும்னு இல்லை சார், கணக்கு நேர்மையா இருந்தா போதும்" என்றார். புதுச்சேரியிலிருந்து தினமும் மொபெட்டில் போய் வருவேன். பதவி மேனேஜர், ஊர்க்காரர்கள் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. ஊர் வைத்த பெயர்தான் சரி என்று பின்னால் புரிந்தது.

இந்த "ரீஜெனரேட்டிவ்" என்ற சொல்லை 1980-களில் பரப்பியவர்கள் அமெரிக்காவின் ராடேல் நிறுவனத்தார். ரசாயனம் போடாமல் இருப்பது மட்டும் போதாது, கெட்டுப்போன மண்ணை முன்னைவிட நல்ல நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் கருத்து. சொல் புதிது, விஷயம் பழசு. இந்தூரில் இருந்து மட்கு உரம் பற்றி ஆராய்ந்த ஆல்பர்ட் ஹோவர்டு, இந்திய விவசாயிகளைத் தம் ஆசிரியர்களாக மதித்தவர். நம் பக்கத்தில் அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவதும், கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக அடிப்பதும் வேறு என்ன? நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து சொன்னதும் இதைத்தான்.

எங்கள் மேட்டில் முதலில் மல்லாட்டை போட்டிருக்கிறார்கள், பிறகு தைலமரம். நான் போனபோது மண் ஓடு மாதிரி கிடந்தது. மழை பெய்தால் சிவப்புத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும். ஆரோவில் இருக்கும் மேடும் 1968-ல் அது தொடங்கியபோது இப்படித்தான் கிடந்தது. அவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, கரை போட்டு மழைநீரை நிறுத்தியது. நாங்களும் சரிவுக்குக் குறுக்கே கரை போட்டோம். ஆடியில் பல தானிய விதைப்பு செய்தோம். தானியம், பயறு, எண்ணெய் வித்து, தக்கைப்பூண்டு, சணப்பு எல்லாம் கலந்து விதைத்து, பூவெடுக்கும் சமயத்தில் மடக்கி விடுவது. மாட்டுச்சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண் கலந்த ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர். வரப்போரம் கிளைரிசிடியா. வேலிக்குக் கிளுவை.

நான் குமாஸ்தா அல்லவா, இதற்கும் ஒரு பதிவேடு போட்டேன். அடியும் மூடியும் வெட்டிய பெயிண்ட் டப்பாவை மண்ணில் அழுத்தி வைத்து, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, உள்ளே இறங்க எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து எழுதுவேன். முதல் வருடம் அரை மணி ஆகியும் தண்ணீர் நின்றது. மூன்றாம் வருடம் பத்து நிமிடத்துக்குள் காணாமல் போனது. அந்தப் பக்கத்தைப் புரட்டினால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்தான்.

மண் மாறியதை டப்பா காட்டியது. மாற்றியது யார் என்பது மஸ்டர் ரோலில் இருந்தது. எட்டுப் பெண்கள், இரண்டு ஆண்கள். பெண்ணுக்கு நாளுக்கு 120 ரூபாய், ஆணுக்கு 250. இந்த வித்தியாசத்தை நான் ஒரு நாளும் கேள்வி கேட்காமல் எழுதி வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். களைக்கொல்லி அடித்தால் ஒரு ஆள் அரை நாளில் முடிக்கிற வேலையை, அடிக்காவிட்டால் எட்டுப் பெண்கள் குனிந்து பல நாள் செய்ய வேண்டும். மூடாக்கு போட்டால் களை குறையும், உண்மைதான். ஆனால் அந்த மூடாக்கை வெட்டி, சுமந்து, பரப்புவது யார்? கோரையும் அறுகும் மூடாக்குக்கு அடங்குமா? மருந்துக் கடைக்குக் கொடுக்காத பணம் மிச்சமாவதில்லை. அது கூலியாகப் போக வேண்டிய பணம். எங்கள் பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் கூலிதான்.

அந்த எட்டுப் பேருக்கும் மூத்தவர் ஒரு அம்மா. பள்ளிக்கூடம் போகாதவர். அவரிடம் நான் படித்த பாடம் கொஞ்சமில்லை. சரிவில் இருந்த சாரணைக் கொடியைப் பிடுங்கச் சொன்னேன். "இப்ப வேணாம் ஐயா. அது மண்ண வெயில் படாம காக்குது. பூ எடுக்கிறதுக்கு முன்னால புடுங்கினா போதும்" என்றார். வடகிழக்கு மூலையில் கரை உடையும், ஒரு வழிசல் வெட்டி விடுங்கள் என்றதும் அவர்தான். வெட்டினோம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் மரங்கள் பாதி சாய்ந்தன, வாழை முழுக்கப் போயிற்று. கரை மட்டும் நின்றது. நான் இரண்டு நாள் கழித்து, விழுந்த மரங்களுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது, அந்த அம்மாவும் இன்னும் நாலு பேரும் ஏற்கெனவே வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கூரையே பறந்துபோயிருந்தது. யாரும் கூப்பிட்டு வரவில்லை.

இதற்குப் பிறகு நாங்கள் செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

2012 ஐப்பசி. களை எடுக்கிற முக்கியமான சமயம். உரிமையாளரிடமிருந்து பணம் வரத் தாமதமானது. "வருமானமே இன்னும் வரலையே சார், கூலியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க. மண் தயாராக மூணு வருஷம் ஆகும்னு எல்லாரும் சொல்றாங்க, பொறுமையா இருப்போம்" என்று கடிதம் எழுதினார். நான் என்ன செய்தேன்? 38 வருடப் பழக்கம். விளக்கமாக ஒரு பதில் எழுதி அனுப்பிவிட்டு, சாங்ஷன் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். முதல் வாரம் என் பென்ஷனிலிருந்து கொடுத்தேன். பிறகு அதையும் நிறுத்தினேன். மூன்று சனிக்கிழமை, "மேலே எழுதியிருக்கேன், வந்துடும்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினேன்.

அதே மாதத்தில் விருந்தினர் குடில் கட்டிய காண்டிராக்டருக்குப் பாக்கித் தொகை போயிற்று. அவர் போனில் சத்தம் போட்டார், போயிற்று. சத்தம் போடுகிறவன் பில்தான் முதலில் பாஸாகும் என்பது நான் அலுவலகத்திலேயே பார்த்த நீதி. அந்த வவுச்சரில் கையெழுத்து என்னுடையது.

மூன்றாவது சனிக்கிழமை அந்த அம்மா சொன்னார்: "மண்ணுக்கு மூணு வருசம் தவண குடுத்திருக்கீங்க ஐயா, சரி. அதே தவணய எங்களுக்கும் குடுத்தா எப்பிடி? வயிறு மூணு நாளு தாங்காதே."

கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ கணக்கில் இருக்கும் பிழையைச் சுட்டிக்காட்டுவது போலச் சொன்னார்.

பணம் வந்தது. எல்லோரும் வந்து எண்ணி வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த திங்கட்கிழமை ஒருவரும் வரவில்லை. புதுச்சேரியில் கட்டட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வேனில் போய்விட்டார்கள். அங்கே அன்றன்றைக்கே கூலி. நான் வேறு ஊரிலிருந்து ஆள் பிடித்தேன். அவர்கள் உயிர்வேலிக்கு வைத்த கன்றுகளையும் களையென்று பிடுங்கிப் போட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எந்த மூலையில் என்ன இருக்கிறது என்ற கணக்கு என் பதிவேட்டில் இல்லை, போய்விட்ட எட்டுப் பேர் தலையில் இருந்தது. அடுத்த வருடம் நானும் வேலையை விட்டேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு லா ஃபோந்தேனின் உழவன் கதை நினைவிருக்கும். சாகப்போகிற உழவன், நிலத்தில் புதையல் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்கிறான். அவர்கள் ஒரு இடம் விடாமல் கொத்திப் பார்க்கிறார்கள். புதையல் இல்லை, ஆனால் விளைச்சல் கூடுகிறது. சிறுவனாக மனப்பாடம் செய்து ஒப்பித்தபோது, நிலத்தைக் கிளறுவதுதான் புதையல் என்று நினைத்தேன். இப்போதைய பண்ணைக்காரர்கள் நிலத்தை அதிகம் கிளறாதே என்கிறார்கள். அதுவும் சரிதான். ஆனால் கதை சொல்ல வந்த புதையல் உழைப்பு. அந்த இடத்தில் கதையை யாரும் திருத்த முடியாது.

என் கருத்து இதுதான். மண்ணை மீட்கும் விவசாயம் என்று பெயர் வைத்துக்கொண்டு, அந்த மண்ணில் குனிகிறவர்களைத் தேய விட்டால், நாம் எதையும் மீட்கவில்லை. தேய்மானத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றி எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான். இயற்கை விவசாயச் சான்றிதழுக்கே ஆண்டுப் பயிருக்கு 2 வருடம், மரப்பயிருக்கு 3 வருடம் மாற்றக் காலம் என்று விதி இருக்கிறது. அந்த வருடங்களில் விளைச்சல் குறையலாம், நல்ல விலையும் கிடைக்காது. அந்த நஷ்டத்தை நிலத்துக்காரர் தாங்கலாம், ஏனென்றால் நிலம் அவருடையது, நாளைக்கு உயரப்போகும் மதிப்பும் அவருடையது. கூலிக்கு வருகிறவருக்கு அதில் என்ன பங்கு?

"அப்படிப் பார்த்தால் யாருமே பண்ணை நடத்த முடியாதே" என்று கேட்பார்கள். சொந்த நிலத்தில் வீட்டு ஆட்களோடு பாடுபடுகிற சிறு விவசாயியைப் பற்றி நான் பேசவில்லை. அவர் கூலியே அவருக்குக் கிடைப்பதில்லை. நான் பேசுவது வேறு தொழிலில் சம்பாதித்து, ஆள் வைத்துப் பண்ணை நடத்த வருகிறவர்களைப் பற்றி. அவர்களால் முடியும். சோலார் மோட்டாருக்கு முடிகிறது, குடிலுக்கு முடிகிறது, சனிக்கிழமைக் கூலிக்கு ஏன் முடியாது?

மேனேஜராகப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். மண்புழு எண்ணுவதும் பஞ்சகவ்யம் கலக்குவதும் ஆறு மாதத்தில் பழகிவிடும். கூலிப் பணம் கையில் இல்லாமல் ஆளை வேலைக்குக் கூப்பிட மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லும் தைரியம்தான் அந்த உத்தியோகம். எனக்கு அது இல்லை. அதனால்தான் ஊரார் என்னைக் கணக்குப்பிள்ளை என்றார்கள்.

பையனைப் பயமுறுத்தி அனுப்பவில்லை, நண்பர் மன்னிக்க வேண்டும். "போ தம்பி, செய். நல்ல காரியம்" என்றேன். "ஆனா மூணு வருஷக் கூலியைக் கணக்குப் போட்டு, தனியா பேங்க்ல போடு. அதுக்கப்புறம் மீதிப் பணத்துக்கு எத்தனை ஏக்கர் வருதோ அத்தனை வாங்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி எழுது."

அவன் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தான். ஐந்து ஏக்கர் இரண்டரை ஏக்கர் ஆயிற்று. "அப்போ குடில் வேணாம் தாத்தா" என்றான்.

இரண்டரை ஏக்கரே ஆரம்பத்துக்குப் போதும் என்றேன்.