தங்கமா, கறுப்புப் பணமா? ஜப்பான் தேர்ந்தெடுத்த ஓர் எழுத்தின் கதை

ஜப்பானின் கியோட்டோ நகரில் உள்ள கியோமிசு-தேரா கோயிலில், 2024 டிசம்பர் 12 அன்று, தலைமைத் துறவி பெரிய தூரிகையால் ஒரே ஓர் எழுத்தை எழுதினார். அதுதான் அந்த 'ஆண்டின் எழுத்து'. மக்கள் வாக்களித்து இதைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1995-ல் தொடங்கியது.

2024-ல் பதிவான சுமார் 2.2 லட்சம் வாக்குகளில், 12,148 வாக்குகளோடு முதலிடம் பிடித்தது 'தங்கம்' என்ற எழுத்து. 2000, 2012, 2016, 2021-க்குப் பிறகு இது ஐந்தாவது முறை. ஐந்துமே கோடைகால ஒலிம்பிக் நடந்த ஆண்டுகள். அட, பதக்கக் கொண்டாட்டம்தானே என்று நினைத்தால், பாதி விஷயம்தான் சரி!

'கின்' வேறு, 'கனே' வேறு

இந்த எழுத்தை 'கின்' என்று படித்தால் தங்கம். 'கனே' என்று படித்தால் பணம். எழுத்து மாறாது, படிக்கும் விதம்தான் மாறும். தேர்வை நடத்தும் அறக்கட்டளையே, 'கின்' வெளிச்சம், 'கனே' நிழல் என்று விளக்கியது.

வெளிச்சப் பக்கத்தில், பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பான் வென்ற 20 தங்கப் பதக்கங்கள். நிழல் பக்கத்தில், ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியின் நிதி முறைகேடு. நிதி திரட்டும் விருந்துகளுக்கு டிக்கெட் விற்று வந்த பணத்தில் ஒரு பகுதியை, அக்கட்சியின் கோஷ்டிகள் கணக்கில் காட்டாமல் எம்.பி.க்களுக்கே திருப்பிக் கொடுத்தன. ஜப்பானியர்கள் இதை 'உராகனே' என்கிறார்கள். அதாவது 'பின்பக்கப் பணம்'. நம்மூர் பாஷையில் கறுப்புப் பணம். அக்டோபர் 27 தேர்தலில் ஆளும் கூட்டணி கீழவையில் பெரும்பான்மையை இழந்ததற்கு இது முக்கியக் காரணம்.

எங்கிருந்து வந்தது?

சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய சீன வெண்கலப் பாத்திரங்களிலேயே இந்த எழுத்து இருக்கிறது. அப்போது அதன் பொருள் தங்கம் அல்ல, பொதுவாக உலோகம், குறிப்பாக வெண்கலம். கி.பி. 100 வாக்கில் சூ ஷென் தொகுத்த அகராதி, ஐந்து நிற உலோகங்களில் மஞ்சளே தலையாயது என்கிறது. எழுத்துக்குள் இருக்கும் இரண்டு புள்ளிகள் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் குறிப்பதாகவும் அது சொல்கிறது.

தமிழுக்கு இது புதிதல்ல. 'பொன்' என்றால் தங்கம். ஆனால் வெண்பொன் என்றால் வெள்ளி, கரும்பொன் என்றால் இரும்பு.

ஜின், கம், கிம்

பழைய சீனத்தில் இந்தச் சொல் 'ம்' ஒலியில் முடிந்தது. கான்டனீஸில் 'கம்', வியட்நாமியத்தில் 'கிம்' என்று அது இன்றும் நிலைக்கிறது. இன்றைய மாண்டரினில் அது 'ன்' ஆகி, 'ஜின்' ஆனது. சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன உச்சரிப்புதான் 'கின்'. 'கனே' ஜப்பானியரின் சொந்தச் சொல்.

கொரியாவில் தங்கம் என்றால் 'கும்', குடும்பப் பெயர் என்றால் 'கிம்'. தென் கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். வட கொரிய அதிபர் கிம் ஜோங் உன் பெயரிலும் இதே எழுத்துதான்.

உச்சரிப்பில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. கொரியா ஜப்பானின் காலனியாக இருந்தபோது, 1940-ல், கொரியர்கள் ஜப்பானிய பாணிப் பெயருக்கு மாற நெருக்கப்பட்டார்கள். கிம் குடும்பங்கள் பலவும் 'கனேதா', 'கனேயாமா' போன்ற பெயர்களைத் தேர்ந்தெடுத்தன. பழைய எழுத்தைப் புதிய பெயருக்குள் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனால் கூப்பிடும் ஒலி 'கிம்' அல்ல, 'கனே'.

அந்தக் கசப்பு 2024-லும் வெளிப்பட்டது. ஜப்பானின் சாடோ தங்கச் சுரங்கம் ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஜப்பானில் 'கின்' என்று கொண்டாடப்பட்ட செய்திகளில் இதுவும் ஒன்று. ஆனால் போர்க்காலத்தில் அங்கே கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்டவர்களில் கொரியர்களும் உண்டு. நவம்பர் 24 அன்று ஜப்பான் நடத்திய நினைவு நிகழ்ச்சியைப் புறக்கணித்த தென் கொரியா, மறுநாள் சாடோவிலேயே தனியாக அஞ்சலி செலுத்தியது.