‘விட’ என்ற சொல்லும் எங்கள் பிள்ளைகளின் இங்கிலிஷும்

பதிவு கொஞ்சம் நீளம். ஓ/எல் எழுதப்போகும் பிள்ளை உள்ள வீட்டாராவது கடைசி வரை வாசியுங்கள்.

போன வாரம் பத்தாம் ஆண்டுக்கு வசனம் திருத்தும் பயிற்சி கொடுத்தோம். அதில் ஒன்று: “த ஹைட் ஒஃப் பம்பரகந்த இஸ் கிரேட்டர் தேன் துன்ஹிந்த.” ஒரு பிள்ளையைத் தவிர எல்லோரும் சரி என்று போட்டார்கள். அந்த ஒரு பிள்ளையும் “கிரேட்டர்” என்பதை “மோர் கிரேட்டர்” என்று மாற்றி வைத்திருந்தது! பம்பரகந்த 263 மீற்றர், துன்ஹிந்த 64 மீற்றர், இதில் என்ன சேர் பிழை என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

கணக்குச் சரி. வசனம்தான் பிழை. அங்கே ஓர் உயரத்தை ஒரு நீர்வீழ்ச்சியோடு ஒப்பிட்டிருக்கிறது. உயரத்தை உயரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்: “தேன் தெட் ஒஃப் துன்ஹிந்த.” பன்மை வந்தால் “தோஸ்”.

பிள்ளைகளைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. கெப்பெட்டிபொலயில் மரக்கறி விலை கொழும்பை விடக் குறைவு என்றுதான் நாங்கள் எல்லோரும் பேசுகிறோம். விலையை ஊரோடு ஒப்பிடுகிறோம், கேட்பவருக்கும் விளங்குகிறது. தமிழ் அதை விட்டுக்கொடுக்கும். இங்கிலிஷ் வினாத்தாள் விட்டுக்கொடுக்காது. ஆக, பிள்ளை மக்கு இல்லை. தமிழில் யோசித்ததை அப்படியே இங்கிலிஷில் இறக்கியிருக்கிறது. “மோர் கிரேட்டர்” வந்த வழியும் அதுதான், “இன்னும் கூட உயரம்” என்கிற நம்முடைய பேச்சு.

உண்மையைச் சொன்னால் பிழை எங்கள் பக்கமும் இருக்கிறது. டோல், டோலர், டோலெஸ்ட் என்று பலகையில் அட்டவணை போட்டுவிட்டு, கம்பரிசன் பாடம் முடிந்தது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்ததும் பெரும்பாலும் அப்படித்தான். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்ற கேள்வியை வகுப்பில் யாரும் கேட்பதில்லை. இப்போது “தேன்” என்ற சொல்லுக்கு முன்னால் உள்ளதற்கு ஒரு கோடு, பின்னால் உள்ளதற்கு ஒரு கோடு போடச் சொல்கிறோம். இரண்டும் ஒரே இனமா என்று பார்த்தால் போதும். லயத்தில் இருந்து வரும் பிள்ளையும் டவுன் பிள்ளையும் இதை ஒரே வேகத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு பொறி. “பம்பரகந்த இஸ் ஹையர் தேன் எனி வோட்டர்ஃபோல் இன் ஸ்ரீலங்கா.” பம்பரகந்தயும் இலங்கையில்தானே இருக்கிறது? அப்படியானால் அது தன்னை விடவே உயரம் என்றாகிவிடும். “எனி அதர்” என்று வர வேண்டும். இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. சிரித்த பாடம் மறக்காது.

“சீனியர்”, “ஜூனியர்” என்பவற்றுக்குப் பின் “தேன்” வராது, “டு” வரும். இது மனப்பாடம்தான், வேறு வழியில்லை.

இனி, பெற்றோரிடம் ஒரு விடயம். ரிசல்ட் வந்த நாளில் “நம்ம ஸ்கூல் ரிசல்ட் டவுன் ஸ்கூலை விட மோசம்” என்று எத்தனை பதிவுகள்! அதிலும் இரண்டு பக்கமும் கோடு போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம், ஆறாம் ஆண்டிலிருந்து ஒரே இங்கிலிஷ் ஆசிரியரிடம் படித்து, மாலையில் டியூஷனுக்கும் போகும் பிள்ளை. மறு பக்கம், இரண்டு வருடம் இங்கிலிஷ் ஆசிரியரே இல்லாமல் ஒன்பதாம் ஆண்டுக்கு வந்து, தோட்டத்துக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க மணி அடிக்கும் முன்னே பையைத் தூக்கும் பிள்ளை. இது உயரத்தை நீர்வீழ்ச்சியோடு ஒப்பிட்ட வசனம் மாதிரித்தான். ஒப்பிடத்தான் வேண்டுமென்றால், எங்கள் பிள்ளை ஒன்பதாம் ஆண்டில் எடுத்த புள்ளியையும் இன்று எடுக்கும் புள்ளியையும் வைத்துப் பாருங்கள். அதில் நாங்கள் தோற்றிருந்தால் நேரே வந்து கேளுங்கள், பதில் சொல்கிறோம். இங்கிலிஷில் ‘எஸ்’ எடுத்த பிள்ளையைக் கூட்டத்தில் வைத்துப் பக்கத்து வீட்டு ‘ஏ’யைக் காட்டிப் பேசுவது மட்டும் வேண்டாம். அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் வாய் திறப்பதில்லை. நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சனிக்கிழமை காலை இந்தப் பகுதியை மட்டும் எடுத்து ஓர் இலவச வகுப்பு வைக்கிறோம். வேறு பாடசாலைப் பிள்ளைகளும் வரலாம். பழைய ஓ/எல் இங்கிலிஷ் வினாத்தாள்கள் வீட்டில் சும்மா கிடந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். விடை எழுதியிருந்தாலும் பரவாயில்லை, பிழையான விடை என்றால் இன்னும் நல்லது.