ஒரு கிண்ணம் காப்பி இனிப்புக்கு இரண்டு மாநிலங்கள் சண்டை!

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இரண்டு மாநிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று வெனெட்டோ. வெனிஸ் நகரம் இருக்கும் மாநிலம் அது. மற்றொன்றின் பெயர் கொஞ்சம் நீளம்: பிரியூலி வெனிசியா ஜூலியா. நாம் பிரியூலி என்றே சொல்வோம். இந்த இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகளாக ஒரு தகராறு. எல்லைத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கிண்ணம் இனிப்புக்காகத்தான் சண்டை!

அந்த இனிப்பின் பெயர் டிரமிசு. காப்பியில் நனைத்த பிஸ்கட் ஓர் அடுக்கு. அதன் மேல் வெண்ணெய் போன்ற கிரீம் ஓர் அடுக்கு. மறுபடியும் பிஸ்கட், மறுபடியும் கிரீம். உச்சியில் கோகோ தூள். இவ்வளவுதான். கேக் சுடுகிற அடுப்பு இதற்கு வேண்டாம். இன்று சென்னையிலும் கோவையிலும்கூட பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இது வந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்களும் பெருகிவிட்டார்கள்.

டிரமிசு என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? "என்னைத் தூக்கி விடு" என்று அர்த்தம். சோர்ந்து கிடப்பவனுக்குத் தெம்பு தரும் இனிப்பாம்!

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்த மருந்து

வெனெட்டோ மாநிலத்தில் திரெவிசோ என்று ஒரு நகரம். அங்கே லெ பெக்கெரியே என்ற ஓட்டல். அதன் உரிமையாளர் ஆடோ கம்பியோல். அவருடைய மனைவி ஆல்பா. அந்த ஓட்டலில் பலகாரம் செய்தவர் ராபர்டோ லிங்குவானோட்டோ. ஆல்பாவும் இவரும் சேர்ந்துதான் டிரமிசுவை உருவாக்கினார்கள் என்பது திரெவிசோ கட்சியின் வாதம். 1972ஆம் ஆண்டு அது ஓட்டலின் உணவுப் பட்டியலில் ஏறியது.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. முட்டை மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் நுரைக்க நுரைக்க அடிப்பார்கள். உடம்பு தேற வேண்டியவர்களுக்கு அதைக் கொடுப்பார்கள். ஆல்பா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது, மாமியார் அதைக் கொடுத்துத் தேற்றினாராம். அதில் பிறந்ததுதான் இந்த யோசனை என்று ஒரு கதை. லிங்குவானோட்டோ ஐஸ்கிரீம் செய்யும்போது, முட்டையும் சர்க்கரையும் இருந்த பாத்திரத்தில் கிரீம் தவறி விழுந்தது, ருசித்துப் பார்த்தார், பிடித்துப் போயிற்று என்று இன்னொரு கதை. எது நிஜமோ! மாமியார் கதைதான் நம் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

பிரியூலிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா? "அதெல்லாம் பிந்திய கதை" என்கிறார்கள். தோல்மெட்சோ என்ற மலையூரில் ரோமா ஓட்டல் என்று ஒன்று இருந்தது. அதை நடத்திய நார்மா பியெல்லி என்ற அம்மாள் 1950களிலேயே இதைச் செய்து பரிமாறினார் என்பது அவர்கள் கட்சி. 1959ஆம் ஆண்டு ரசீது ஒன்றைச் சாட்சியாக நீட்டுகிறார்கள். அதே மாநிலத்தில் பியெரிஸ் என்ற ஊரும் "எங்கள் ஊரில் இதற்கும் முந்தியே உண்டு" என்கிறது. அங்கே மாரியோ கொசோலோ என்ற சமையல்காரர் இதே பெயரில் ஒரு கோப்பை இனிப்பு விற்றாராம்.

2017ஆம் ஆண்டு இத்தாலிய விவசாய மந்திரி சபை அலுவலகம் ஓர் உத்தரவு போட்டது. மாநிலங்களின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் டிரமிசுவைப் பிரியூலியின் பெயரில் சேர்த்தது. வெனெட்டோவில் ஒரே கொதிப்பு! அப்போது மாநிலத் தலைவராக இருந்த லூக்கா ஜாயா, உத்தரவை ரத்து செய்ய வேண்டும் என்று கொடி பிடித்தார்.

ஜெயித்தவருக்கு என்ன லாபம்?

இந்தப் பட்டியலில் ஒரு பண்டம் ஏறினால் கௌரவம் உண்டு. ஆனால் ஏகபோக உரிமை கிடையாது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியப் பாலாடைக்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஐரோப்பிய சட்டத்தின் முழுப் பாதுகாப்பு இருக்கிறது. குறிப்பிட்ட மாவட்டங்களைத் தவிர வேறு எங்கே செய்தாலும் ஐரோப்பாவில் அந்தப் பெயரில் விற்க முடியாது. டிரமிசுவுக்கு அப்படி எதுவும் இல்லை. டோக்கியோவில் செய்தாலும் டிரமிசுதான், தூத்துக்குடியில் செய்தாலும் டிரமிசுதான்.

காரணம் எளிது. அந்தக் கட்டி அந்த ஊர்ப் பாலையும் பல மாதப் பக்குவத்தையும் நம்பி நிற்கிறது. டிரமிசுவோ கடையில் வாங்கிய சாமான்களை அடுக்கி வைக்கிற வேலை. திரெவிசோக்காரர்களே இதைச் சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். 2017 முதல் அங்கே டிரமிசு உலகப் போட்டி நடக்கிறது. அதில் தொழில்முறைச் சமையல்காரர்களுக்கு இடமில்லை. வீட்டில் செய்கிறவர்கள்தான் கலந்துகொள்ள முடியும்!

சண்டையின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. பெயர் பரவும்போது சுற்றுலாக்காரர் வருகிறார்கள், ஓட்டல்கள் நிரம்புகின்றன. ஆடோ கம்பியோல் 2021ஆம் ஆண்டு தமது 93ஆம் வயதில் காலமானபோதும், லிங்குவானோட்டோ 2024ஆம் ஆண்டு காலமானபோதும் உலகப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. இனிப்பு செய்தவர்களுக்கு இந்த மரியாதை கிடைப்பது அபூர்வம். 2025 டிசம்பரில் டில்லிச் செங்கோட்டையில் யுனெஸ்கோ கூட்டம் நடந்தது. இத்தாலியச் சமையல் முழுவதையும் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வமாக அங்கே அறிவித்தார்கள். நம் தீபாவளியும் அதே கூட்டத்தில்தான் அந்தப் பட்டியலில் ஏறியது.

கொட்டை நம்முடையது

பெயருக்குச் சண்டை போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இத்தாலியில் காப்பிச் செடி விளைவதில்லை! கோகோவும் அங்கே விளைவதில்லை. இரண்டும் கப்பலில்தான் வர வேண்டும்.

காப்பிக் கொட்டையில் ஒரு பகுதி நம் நாட்டிலிருந்து போகிறது. இந்தியக் காப்பியை மிக அதிகமாக வாங்கும் நாடு இத்தாலிதான். அங்கே காப்பியின் மேல் பொன்னிற நுரை நிற்க வேண்டும். அதற்கு ரொபஸ்டா என்ற ரகத்தைக் கலப்பார்கள். குடகிலும் வயநாட்டிலும் விளையும் ரொபஸ்டாவுக்கு அங்கே நல்ல மதிப்பு. ஆகவே திரெவிசோவில் பிஸ்கட்டை நனைக்கிற காப்பியில் நம் மலைச்சாரல் மழையும் கொஞ்சம் இருக்கக் கூடும்.

இந்தக் காப்பியின் விலை அண்மையில் ஆடிய ஆட்டம் சாதாரணமானது அல்ல. உலகிலேயே அதிகம் காப்பி விளைவிக்கும் பிரேசிலில் 2021ஆம் ஆண்டு உறைபனி விழுந்தது. 2024ஆம் ஆண்டு வறட்சியும் வெயிலும் தாக்கின. ரொபஸ்டா விளைவதில் முதலிடத்தில் உள்ள வியட்நாமிலும் வறட்சி. நியூயார்க் சந்தையில் அராபிகா விலை 1977ஆம் ஆண்டு தொட்ட உச்சம் 47 ஆண்டுகள் அசையாமல் இருந்தது. 2024 டிசம்பரில் அது முறிந்தது. 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) கொட்டை 4 டாலரையும் தாண்டியது. கோகோ கதை அதைவிட மோசம். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது. பருவம் கெட்டு, செடிகளுக்கு நோயும் கண்டதால், 2024 டிசம்பரில் டன் 12,000 டாலரைக் கடந்தது. பல ஆண்டுகளாக 2,000, 3,000 டாலருக்கு விற்ற சரக்கு அது!

விலை ஏறினால் யாருக்கு லாபம்? நம் தோட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் கை நிறைந்தது என்பது உண்மை. 2021-22இல் இந்தியக் காப்பி ஏற்றுமதி 100 கோடி டாலரைத் தாண்டியது. அதன் பிறகும் ஏறியது. ஆனால் மழை தவறினால் விலை இருந்தும் கொட்டை இராது. வாங்கிக் குடிக்கிறவர் பாடும் திண்டாட்டம்தான். இத்தாலியில் ஒரு சிறு கோப்பைக் காப்பி ஒரு யூரோவுக்குக் கிடைக்கும் என்பது வெகுகாலப் பழக்கம். 2025க்குள் பல நகரங்களில் அது அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. நம் வீட்டில் காப்பித்தூள் வாங்கியவர்களுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பச்சை முட்டை ஜாக்கிரதை!

இனி முக்கியமான விஷயம். பெயர்ச் சண்டையைவிடவும் விலையைவிடவும் நம் வீட்டுக்கு இதுதான் பெரிது.

2010ஆம் ஆண்டு திரெவிசோவில் சமையல் கழகத்தார் ஒரு பத்திரம் பதிவு செய்தார்கள். அதன்படி பழைய கணக்கு இது: மஞ்சள் கரு 12, சர்க்கரை அரைக் கிலோ, மஸ்கர்போனே என்ற கிரீம்கட்டி ஒரு கிலோ, விரல் பிஸ்கட் 60. காப்பியும் கோகோவும் வேண்டிய மட்டும். மது ஒரு சொட்டும் கிடையாது; அது பிற்பாடு சேர்ந்த வழக்கம்.

கணக்கில் முட்டையை வேகவைப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. பச்சை மஞ்சள் கருதான்! அடுப்பு வேண்டாம் என்ற வசதிக்குள் அபாயமும் இருக்கிறது. சால்மோனெல்லா என்ற கிருமி முட்டை ஓட்டின் மேல் மட்டும் அல்ல, சில சமயம் உள்ளேயும் இருக்கும். பிரிட்ஜில் வைத்தால் அது வளராது, ஆனால் சாகாது. காப்பி ஊற்றினாலும் சாகாது. பச்சை முட்டை சேர்த்த டிரமிசுவைச் சாப்பிட்டுப் பலர் ஒரே சமயத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கில் படுத்த சம்பவங்கள் ஐரோப்பாவிலேயே பதிவாகி இருக்கின்றன. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் ஆகியோருக்கு இந்த நோய் கடுமையாகும்.

பிரிட்டனில் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, முட்டையில் சிங்க முத்திரை குத்துகிறார்கள். அந்த முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் பச்சையாகச் சாப்பிடலாம் என்று 2017ஆம் ஆண்டு அந்நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். அந்த உறுதி அந்த முத்திரைக்கு மட்டும்தான். தெருமுனைக் கடையில் நாம் வாங்கும் முட்டைக்கு அதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

வீட்டில் செய்யும் விதம்

ஆறு பேருக்கு, திரெவிசோ கணக்கில் கால் பங்கு போதும். மூன்று மஞ்சள் கரு, கால் கிலோ மஸ்கர்போனே, 15 விரல் பிஸ்கட். சர்க்கரையை மட்டும் 125 கிராமிலிருந்து 80 கிராமாகக் குறைத்துவிடலாம். நம் நாக்குக்கும் அது போதும்.

மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் ஒரு கிண்ணத்தில் போட்டு இரண்டு கரண்டித் தண்ணீர் விடுங்கள். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, கை ஓயாமல் அடியுங்கள். கிண்ணத்தின் அடி நீரில் படக் கூடாது; பட்டால் முட்டைப் பொரியல் ஆகிவிடும். கலவை 71 டிகிரி சூட்டை எட்ட வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் சரி. இல்லாவிட்டால் முட்டையையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. அதற்குப் பதில் 150 மில்லி கிரீமைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துச் சேர்த்தால் ருசியில் பெரிய நஷ்டம் இல்லை. திரெவிசோக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்!

மஸ்கர்போனே விலை அதிகம். அரை லிட்டர் கிரீமை நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, கொதி வருவதற்குச் சற்று முன்வரை சூடாக்குங்கள். ஒரு பெரிய கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுக் கிளறினால் கெட்டிப்படும். ஆறியதும் மெல்லிய துணியில் ஊற்றி, பிரிட்ஜில் ஓர் இரவு வடியவிடுங்கள். மறுநாள் அதுவே மஸ்கர்போனே. 'அடுப்பே வேண்டாம் என்றீர்களே?' என்று கேட்பீர்கள். கேக் அடுப்பு வேண்டாம் என்றுதான் சொன்னேன்!

காப்பிக்கு நம் பில்டர் டிக்காஷன் அருமையாகப் பொருந்தும். சிக்கரி கலக்காத தூளாக இருந்தால் நல்லது. பால் கூடாது. ஒரு கோப்பை டிக்காஷனை நன்றாக ஆறவிட்டு, அகலமான தட்டில் ஊற்றுங்கள். பிஸ்கட்டை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை புரட்டி உடனே எடுத்துவிட வேண்டும். ஊறவைத்தால் கூழ். விரல் பிஸ்கட் கிடைக்காவிட்டால் சாதாரண ரஸ்க் போதும். அது கொஞ்சம் கூடுதலாகக் காப்பி குடிக்கும். சின்னக் குழந்தைகளுக்கு என்று தனியாக ஒரு கிண்ணம் செய்தால், காப்பிக்குப் பதில் கோகோ கரைத்த பாலில் நனையுங்கள்.

மஸ்கர்போனேயை ஆறிய முட்டைக் கலவையுடன் கட்டியில்லாமல் கலந்து, பிஸ்கட்டும் கிரீமுமாக இரண்டு அடுக்கு அடுக்குங்கள். மூடி, பிரிட்ஜில் குறைந்தது நாலு மணி நேரம் இருக்கட்டும். ராத்திரி வைத்து மறுநாள் எடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். மின்சாரம் அடிக்கடி நின்று, பிரிட்ஜின் குளிர் தணிகிற நாளில் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.

கோகோ தூளைப் பரிமாறும்போதுதான் சல்லடையில் தூவ வேண்டும். முன்கூட்டியே தூவினால் ஈரம் குடித்துக் கறுத்துப் போகும். விலை கொடுத்து வாங்கிய கோகோ வீண்.