பழைய ஜீப்பை வாங்கலாமா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவியின் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். அவன் போடிநாயக்கனூரில் இருக்கிறான். தேனியைத் தாண்டி ஒரு பள்ளியில் தமிழாசிரியர். போகவர நாள்தோறும் 40 கிலோமீட்டர்.

"மாமா, ஒரு ஜீப் விலைக்கு வருது. 1996 மாடல், டீசல், ஃபோர் வீல். மூணேகால் லட்சம் சொல்றாங்க. பள்ளிக்கூடத்துக்கும் அதிலேயே போய்க்கலாம், அம்மாவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க்கலாம். நீங்க பௌதிகம் படிச்சவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

"வாங்க வேண்டாம், மாப்பிள்ளை" என்று உடனே சொல்லிவிட்டேன். அவனுக்கு முகம் வாடியிருக்கும், குரலிலேயே தெரிந்தது. காரணம் சொல்லாமல் மறுப்பது ஆசிரியருக்கு அழகல்ல. அவனுக்குச் சொன்ன காரணங்களையே உங்களுக்கும் சொல்கிறேன். உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் இதே கேள்வியை உங்கள் வீட்டில் கேட்கப் போகிறீர்கள். கேட்பதற்கு முன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஜீப்பின் பெருமையைப் பேசிவிடுவோம். அது பொய்ப் பெருமை அல்ல. 1940-இல் அமெரிக்க ராணுவம், எந்த நிலத்திலும் ஓடக்கூடிய சிறிய வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. பாண்டம், வில்லிஸ் ஓவர்லேண்ட், ஃபோர்டு ஆகிய மூன்று நிறுவனங்கள் மாதிரிகளைச் செய்து காட்டின. அதிலிருந்து பிறந்ததுதான் ஜீப். போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. நம் நாட்டிலும் 1940-களின் பிற்பகுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் அவற்றைப் பூட்டித் தரத் தொடங்கியது. அந்த வம்சத்தின் வண்டிகள்தாம் இன்றும் கம்பம், போடிப் பகுதிகளிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன.

இந்த வண்டி எப்படி மலையேறுகிறது? அந்தப் போர்க்கால ஜீப்பின் என்ஜின் வெறும் 60 குதிரைத்திறன்தான். ஆனால் பற்சக்கரங்களின் வேலையைப் பாருங்கள். முதல் கியரில் சுமார் 2.66 மடங்கு, 'லோ' நெம்புகோலைப் போட்டால் இன்னும் 1.97 மடங்கு, அச்சில் 4.88 மடங்கு. மூன்றையும் பெருக்குங்கள்: ஏறக்குறைய 25.6. என்ஜின் தரும் முறுக்குவிசை சுமார் 140 நியூட்டன் மீட்டர் என்றால், சக்கரத்தில் அது 3,500 நியூட்டன் மீட்டருக்கு மேல். சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 0.36 மீட்டர். வகுத்தால் 10,000 நியூட்டன் அளவுக்கு இழுவிசை கிடைக்கிறது. வண்டியின் எடையே அவ்வளவுதான்! உராய்வில் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், தன் எடைக்கு நிகரான விசையோடு தன்னையே இழுக்கிற வண்டி அது. நான்கு சக்கரங்களும் இழுப்பதால் சேற்றிலும் சறுக்கலிலும் அந்த விசை வீணாவது குறைவு. விலையாகக் கொடுப்பது வேகத்தை. அதே கியரில் மனிதன் நடக்கும் வேகத்துக்குச் சற்று மேலேதான் அது நகரும்.

இப்போது கேளுங்கள். போடியிலிருந்து தேனி போகும் சாலை தார்ச்சாலை. சமதளம். அங்கே இந்த 25.6 மடங்கு எதற்கு? ஆண்டு முழுவதும் அந்த நெம்புகோலைத் தொடவே வேண்டியிராது. ஆனால் அதற்காகச் செய்யப்பட்ட கனத்த அச்சுகளையும், உயரமான அடிச்சட்டத்தையும், பட்டை ஸ்பிரிங்குகளையும் நாள்தோறும் 40 கிலோமீட்டர் சுமந்தாக வேண்டும். மைத்துனனுக்கு வீடு ஏலத் தோட்டத்துக்குள் இருந்திருந்தால், 'இன்றைக்கே முன்பணம் கொடு' என்று நானே சொல்லியிருப்பேன்.

"அதெல்லாம் சரி மாமா. ஆனா அது கெட்டி இரும்பு. இப்ப வர்ற கார் தகரம். லேசா இடிச்சாலே நசுங்கிப் போகுது. அம்மாவைக் கூட்டிட்டுப் போற வண்டி கெட்டியா இருக்க வேண்டாமா?"

இதுதான் அவனுடைய உண்மையான வாதம். ஊரில் பத்துக்கு ஒன்பது பேர் நம்புவதும் இதுவே. ஆகவே இங்கே சற்று நிற்போம்.

வீடு கட்டும் இடத்தில் செங்கல் வீசிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழிருந்து ஒருவர் வீச, மேலே சாரத்தில் நிற்பவர் பிடிக்கிறார். பிடிக்கும்போது கையை விறைப்பாக நீட்டிக்கொண்டிருப்பதில்லை. செங்கல் வரும் திசையிலேயே கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்கிறார். ஏன்? செங்கல்லின் உந்தம் எப்படியும் பூச்சியமாக வேண்டும். கொஞ்சம் தூரத்தில், கொஞ்சம் நேரம் எடுத்து நிறுத்தினால் விசை குறையும். அவர் நியூட்டனைப் படித்தவர் அல்லர். அவர் உள்ளங்கை படித்திருக்கிறது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி சுவரில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வினாடிக்கு சுமார் 13.9 மீட்டர். வண்டியின் முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 16 மடங்கு. கெட்டி இரும்பு 20 சென்டிமீட்டரே நசுங்கிற்று என்றால் 49 மடங்கு. (வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள்.) உள்ளே 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் வாரால் கட்டப்பட்டு இருந்தால், முதல் வண்டியில் அவர்மேல் ஏறும் விசை ஏறக்குறைய ஒரு டன் எடை, இரண்டாவதில் மூன்று டன். வண்டிக்கு அடிபடாமல் இருப்பதற்கான கூலியை உள்ளே இருப்பவரின் மார்பெலும்பு கொடுக்கிறது.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. பெலா பாரேனி என்ற பொறியாளர், நடுப்பகுதி உறுதியாகவும் முன்னும் பின்னும் நசுங்கும்படியாகவும் காரைச் செய்ய வேண்டும் என்ற கருத்துக்கு 1950-களின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்றார். 1959-இல் அது மெர்சிடிஸ் பென்ஸ் காரில் நடைமுறைக்கு வந்தது. அதே 1959-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட, கனத்த இரும்பாலான ஒரு ஷெவர்லே பெல் ஏர் காரை, 2009-இல் அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனத்தார் 2009-ஆம் ஆண்டின் ஷெவர்லே மாலிபு காரோடு நேருக்கு நேர் மோதவிட்டார்கள். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். பழைய காரில் ஓட்டுநர் இருக்கை இருந்த இடமே உருக்குலைந்து போயிற்று. உள்ளே மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருப்பது அரிது. புதிய காரில் இருந்த பொம்மைக்குக் காலில் சிறு காயம் என்ற அளவோடு போயிற்று. அந்தப் படச்சுருள் இணையத்தில் கிடைக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

மைத்துனன் பார்த்த ஜீப்பில் பின்பக்கம் நீளவாட்டில் இரண்டு பெஞ்சுகள். வார் இல்லை. மோதலில் வண்டி நின்றாலும் பெஞ்சில் இருப்பவர் நிற்பதில்லை; அதே 13.9 மீட்டர் வேகத்தில் எதிலாவது போய் மோதும்வரை செல்கிறார். இந்த வேகம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி வீட்டு மொட்டைமாடியிலிருந்து விழுபவரின் வேகம். அந்தப் பெஞ்சில்தான் என் மாமியார், 68 வயது, முழங்கால் வலியோடு உட்கார வேண்டும். நான் பிடிவாதமாக மறுத்ததற்கு முதற்காரணம் இதுவே.

வளைவில் கவிழும் கேள்வி இன்னொன்று. இரு சக்கரங்களுக்கிடையே உள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அகலம் 123 சென்டிமீட்டர், ஈர்ப்பு மையம் 65 சென்டிமீட்டர் உயரத்தில் என்று கொண்டால் 0.95. உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.8. உராய்வு எண் சிறியதாக இருப்பதால், வேகம் மிஞ்சினால் வண்டி கவிழ்வதற்கு முன் சறுக்கும். இனி இளைஞர்கள் செய்யும் அலங்காரத்தைச் செய்வோம்: பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், மேலே சாமான் கூண்டு, பின்னால் எட்டுப் பேர். ஈர்ப்பு மையம் 85 சென்டிமீட்டருக்குப் போனால் எண் 0.72. இப்போது சறுக்குவதற்கு முன்பே கவிழும். பதிவுப் புத்தகத்தில் உள்ள அமைப்பை மாற்றுவது சட்டப்படியும் குற்றம். உச்ச நீதிமன்றம் 2019-இல் இதை உறுதி செய்தது. இருந்தும் செய்கிறார்கள்.

பிரேக்கைப் பற்றிச் சொல்ல எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. நான் கல்லூரியில் படித்தபோது நண்பர்கள் ஏழு பேர் போடிமெட்டிலிருந்து ஒரு வாடகை ஜீப்பில் இறங்கினோம். ஓட்டுநருக்கு அவசரம், டாப் கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து வந்தார். பாதி மலையில் எரிந்த நாற்றம். பிரேக் மிதி தரைவரை போயிற்று. கொண்டை ஊசி வளைவுக்கு முன் மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் பெரிய காயமில்லை. ஒரு மணி நேரம் அந்தத் திண்டில் உட்கார்ந்து, பேச்சில்லாமல் கீழே போடி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்னாளில் பாடம் நடத்தும்போதுதான் கணக்குப் போட்டேன். ஆட்களோடு 1,500 கிலோகிராம் வண்டி, மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 2 லட்சம் ஜூல். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது இழக்க வேண்டிய நிலை ஆற்றல் 147 லட்சம் ஜூல். எழுபது முறை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துவதற்குச் சமம்! அவ்வளவும் வெப்பமாகி டிரம்மில் தேங்குகிறது. டிரம் சூடாகி விரியும்போது பிரேக் ஷூவை விட்டு விலகிப் போகிறது, உராய்வும் குறைகிறது. வட்டத்தகடு பிரேக் காற்றில் திறந்திருப்பதால் சீக்கிரம் ஆறும். பழைய ஜீப்புகளில் பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். நல்ல மலை ஓட்டுநர்கள் கியரைக் குறைத்து என்ஜினையே பிரேக்காக்கி இறங்குவார்கள். அவர்கள் கையில் ஜீப் வேறு வண்டி. என் மைத்துனன் ஓட்டுநர் உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது.

செலவை அதிகம் பேச வேண்டியதில்லை. பெட்டி போன்ற உடலுக்குக் காற்றுத் தடை, சிறு காரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கிடைத்தால் மாதம் 100 லிட்டர். லிட்டருக்கு 20 ஓடும் சிறு காருக்கு 50. வித்தியாசமான 50 லிட்டர் டீசல் எரிந்தால் 130 கிலோகிராம் கார்பன்-டை-ஆக்சைடு. புகையில் வரும் கரித்துகள் தனி. 15 ஆண்டு கடந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கொரு முறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

இங்கே அவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "புதுக் கார் செய்யறதுக்கும் இரும்பு உருக்கணும், கரி எரியணும். இருக்கிற வண்டியை ஓட்டுறதுதானே சிக்கனம்?" தமிழாசிரியர்தான், ஆனால் விஞ்ஞானக் கேள்வி. ஒரு சிறு காரைச் செய்வதில் 5 டன்னுக்கு மேல் கார்பன்-டை-ஆக்சைடு வெளிப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். மாதம் 130 கிலோகிராம் மிச்சம் என்றால், அதை ஈடுகட்ட மூன்று, நான்கு வருடம் ஆகும். எனவே ஆண்டுக்கு 1,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் ஜீப்பை ஓட்டித் தீர்ப்பதே நியாயம். ஆனால் அவன் ஓட்டப் போவது 12,000. அதோடு, நான் புதுக் கார் வாங்கச் சொல்லவில்லையே. முன்னால் இரு காற்றுப்பைகளும் ஏ.பி.எஸ். பிரேக்கும் உள்ள, நான்கைந்து வருடம் ஓடிய சிறு கார் அவன் பணத்துக்குக் கிடைக்கும். 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். இல்லாமல் இங்கே புதுக் கார் விற்பதில்லை.

ஆனாலும் ஆசை கணக்குக்குக் கட்டுப்படுமா? "ஒரு தடவை வண்டியைப் பாத்துட்டுச் சொல்லுங்க மாமா" என்றான். போனேன். ஆய்வகத்திலிருந்து ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வண்டி பளபளவென்று புதுப் பெயிண்டில் நின்றது. உரிமையாளர் தேநீர் வரவழைத்தார். காந்தத்தை எடுத்துக் கதவடியில் வைத்தேன், ஒட்டவில்லை. சக்கரத்தின் மேல்வளைவில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. அங்கெல்லாம் துரு தின்ற இரும்பை வெட்டிவிட்டுப் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். பட்டியைக் காந்தம் இழுக்காது அல்லவா? கெட்டி இரும்பு என்றவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேருந்திலேயே திரும்பினோம். நேற்று மறுபடியும் கூப்பிட்டான். கம்பத்தில் வேறொரு ஜீப் இருக்கிறதாம். பெயிண்ட் அடிக்காத வண்டியாம்.

"வாங்குறதுக்கு இல்லை மாமா, சும்மா பாக்கத்தான். வர்ற ஞாயித்துக்கிழமை அந்தக் காந்தத்தை எடுத்துட்டு வர்றீங்களா?"