பழைய காருக்கு புது பெட்ரோல்: மைலேஜ் போச்சு!

வல்லத்திராக்கோட்டை: புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்வர பழைய கார் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு புது தலைவலி. "முன்னே மாதிரி மைலேஜ் இல்லையே" என்ற புலம்பல் 2025-ல் நாடு முழுக்க கிளம்பியது.

காரணம், பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு. எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வகை கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021-லேயே கணக்கு சொன்னது. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடிய கார் 14-க்கு இறங்கும். மாதம் 600 கி.மீ. ஓட்டினால் 3 லிட்டர் கூடுதல் செலவு.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்ற மனுவை சுப்ரீம் கோர்ட்டு 2025 செப்டம்பர் 1-ந் தேதி தள்ளுபடி செய்தது.

கரும்பு, மக்காச்சோள விவசாயிக்கு இதில் லாபம் உண்டு. ஆனால் அந்த 3 லிட்டர் காசு, பழைய கார்க்காரர் பாக்கெட்டில் இருந்துதானே போகுது?