சோகையை எரித்தாலும் கார்பன், மட்கினாலும் கார்பன்... வித்தியாசம் என்ன?

“மூன்று ஏக்கரில் கரும்பு இருக்கிறது. வெட்டு முடிந்ததும் சோகையை எரிக்கக் கூடாது என்கிறார்கள். எரித்தால் புகையாகப் போகும் கார்பன், மட்கினாலும் காற்றுக்குத்தானே போகிறது? பிறகு எரிப்பதால் மட்டும் பூமி சூடாகும் என்பது எப்படி? இதற்கு நடுவில், ‘மண்ணில் கார்பன் சேர்த்தால் பணம் தருகிறோம்’ என்று ஒருவர் பத்திரத்தோடு வந்து போகிறார். கையெழுத்துப் போடலாமா?”

- ஒரு வாசகர், கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.

நீங்கள் கேட்டதில் பாதி சரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கரும்பின் தண்டு, சோகை, சர்க்கரை எல்லாவற்றிலும் உள்ள கார்பன், காற்றிலிருந்த கரியமில வாயுவிலிருந்து வந்தது. நாம் போட்ட உரத்திலிருந்து வந்ததல்ல. போன வருடம் காற்றில் இருந்தது இந்த வருடம் சோகையாகக் கிடக்கிறது. எரித்தால் ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போகும், மட்கினால் ஒன்றிரண்டு வருடத்தில் போகும். காற்றிடம் வாங்கியதைக் காற்றிடமே கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

புதுச் சுமை வேறு இடத்திலிருந்து வருகிறது. நெய்வேலியில் தோண்டும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரஞ்செடிகள். இந்த வருடாந்திரக் கொடுக்கல் வாங்கலில் சேராமல் அடியில் கிடந்தது. டீசலும் அப்படித்தான். அவற்றை எடுத்து எரிப்பதாலும், காட்டை அழிப்பதாலும்தான் காற்றில் கரியமில வாயு ஏறுகிறது. தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பு பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியே விடுவதில் ஏறத்தாழ பாதியைக் கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொண்டும் இந்த நிலை. சூடான தரை வெளியே விடும் வெப்பத்தை இந்த வாயு பிடித்து வைப்பதால்தான் பூமி சூடாகிறது. ஆகவே பருவநிலைக் கேட்டுக்குக் கரும்பு விவசாயிதான் காரணம் என்று யாராவது பேசினால் நம்ப வேண்டாம்.

இனி, சரியில்லாத பாதி. மட்கும்போது எல்லாமே காற்றுக்குப் போய்விடுவதில்லை. அமிர்திப் பக்கம் போயிருப்பீர்கள். மரத்தடியில் சருகைக் காலால் ஒதுக்கினால் கறுப்பாக, பொலபொலவென்று மண் தெரியும். அந்தக் கறுப்பு, போகாமல் தங்கிய கார்பன். புழுவும் நுண்ணுயிரும் தின்று மிஞ்சியது மண் துகளோடு ஒட்டிக்கொண்டு பல வருடம் இருக்கும். உலகக் கணக்கில் பார்த்தாலும், காற்றிலும் செடிகொடியிலும் உள்ளதைக் கூட்டினால் வருவதைவிட மண்ணில் உள்ள கார்பன் அதிகம். கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909 முதல் ஒரே நிலத்தில் நடக்கும் உரச் சோதனையிலும், தொழுவுரம் போட்ட பாத்திகளில் எதுவும் போடாத பாத்திகளைவிடக் கரிமச்சத்து கூடுதலாக நிற்கிறது.

உங்கள் நிலத்துக்கு ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு 4 டன் காய்ந்த சோகை என்றால் அதில் கார்பன் சுமார் 1,600 கிலோ. நம் ஊர் வெயிலில் மட்குவது வேகம். எட்டில் ஒரு பங்கு, அதாவது 200 கிலோ தங்கினாலே நல்லது. மேல் அரை அடி மண், ஏக்கருக்கு ஏறக்குறைய 9 லட்சம் கிலோ எடை. எனவே மண்வள அட்டையில் கரிமச்சத்து 0.4 என்று இருப்பது 0.5 ஆக, வருடம் தவறாமல் செய்தாலும் நான்கைந்து வருடம் ஆகும். ஒரே வருடத்தில் மண்ணை மாற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது டப்பாவோடு வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கையில் உடனே தெரியும் லாபம் வேறு. அந்த 4 டன் சோகையில் சுமார் 16 கிலோ தழைச்சத்து இருக்கிறது. முக்கால் மூட்டை யூரியாவுக்குச் சமம். எரித்தால் சாம்பல்சத்து தரையில் தங்கும், தழைச்சத்து பெரும்பாலும் புகையோடு போய்விடும். மூடாக்காகக் கிடந்தால் கோடையில் ஈரம் காயாது, களையும் குறையும்.

மறுதாம்பு விடுவதாக இருந்தால், கட்டையைத் தரையோடு சீவிவிட்டு, ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையைப் பரப்புங்கள். தண்ணீர் பாய வழி இருக்கும். சோகையில் தழைச்சத்து விகிதம் குறைவு என்பதால், மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் முதலில் பயிரின் பங்கைத்தான் எடுக்கும். பயிர் வெளுக்காமல் இருக்கச் சாணிக்கரைசலோடு கொஞ்சம் யூரியாவும் சோகை மேலேயே போடுங்கள். அடுத்து நெல் நடப் போகிறீர்கள் என்றால் பச்சையாக மடக்கி உழ வேண்டாம். தேங்கிய நீருக்கடியில் அது மீத்தேன் ஆகும். நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு சூடாக்கும் வாயு அது. வரப்போரம் குழியில் மட்கவைத்துப் போடுங்கள்.

இனி அந்தப் பத்திரம். கார்பன் வரவு, கரியமில வாயுவின் டன் கணக்கில்தான் விலை போகிறது. 200 கிலோ கார்பன் என்பது சுமார் 730 கிலோ கரியமில வாயு. அதாவது ஏக்கருக்கு வருடத்துக்கு ஒரு டன்கூட வராது. மூன்று ஏக்கருக்குச் சுமார் இரண்டு டன். அளவெடுப்பவர், சான்று கொடுப்பவர், இடைத்தரகர் எல்லாருக்கும் போக மிச்சம்தான் உங்களுக்கு. எத்தனை வருடம் கட்டுப்பட வேண்டும், நடுவில் உழவு முறையை மாற்றினால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா, மண் பரிசோதனைச் செலவு யாருடையது என்ற மூன்றையும் தமிழில் எழுதி வாங்குங்கள். தராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த மூன்று ஏக்கரில் குத்தகை நிலம் இருந்தால், நிலத்துக்காரரைக் கேட்காமல் பேச்சையே தொடங்க வேண்டாம்.